நாடக ஆசிரியரின் குணம் அவர் கற்பிக்கும் விதத்தையும் மாணவர் உறவையும் எப்படி மாற்றுகிறது?

கணக்கு வாத்தியார் கோபக்காரராக இருந்தாலும் கணக்கு மாறிவிடாது. நாடகத்தில் ஆசிரியரின் கோபம், பதற்றம், பொறுமை எல்லாமே மாணவனின் குரலிலும் உடம்பிலும் போய் உட்கார்ந்துவிடும். இரண்டு ஆசிரியர்களிடம் பழகியவன் நான். இப்போது நாலு வருடமாகச் சனிக்கிழமைகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுக்கிறேன். அதை வைத்தே எழுதுகிறேன்.

கல்லூரியில் எங்களுக்கு நாடகம் பழக்கிய சார் தங்கமான மனிதர். ஒத்திகை முடிந்து கடைசி பஸ் போய்விட்டால் தன் பைக்கிலேயே இரண்டு மூன்று நடையாக எங்களை வீட்டில் கொண்டுபோய் விடுவார். ஆனால் ஒரு வசனத்துக்கு இரண்டு நொடி தயங்கினால் அவரால் தாங்க முடியாது. "தள்ளு, இங்க பாரு, இப்படி" என்று மேடையேறி அவரே நடித்துக் காட்டுவார். பிரமாதமாக நடிப்பார். நாங்கள் ஆறு பேரும் அதை அப்படியே பிடித்துக்கொண்டோம். விழாவுக்கு வந்திருந்த அம்மா வீட்டுக்கு வந்ததும் கேட்டார்: "ஏன்டா, ராஜா, மந்திரி, காவக்காரன் எல்லாரும் ஒரே மாதிரி கடைசி வார்த்தைய இழுக்கிறீங்க?" அந்த இழுவை சாருடையது. மேடையில் எங்களில் ஒருவருக்கும் சொந்தக் குரல் இருந்திருக்கவில்லை.

பிறகு செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில், கூத்து வாத்தியார் ஒருவரிடம் இரண்டு கோடை அடவு, அதாவது தாளத்துக்கு ஆடும் ஆட்ட அசைவுகள், பழகினேன். அதிகம் பேசமாட்டார். மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு களத்துமேட்டில் உட்கார்ந்திருப்பார். முதல் வாரம் முழுக்க நான் தாளத்தை விட்டுவிட்டுத் திருதிருவென்று நின்றேன். அவர் வாசிப்பை நிறுத்தவே இல்லை. முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. "தாளம் எங்கயும் போயிடாது தம்பி. சுத்தி வரும். வரும்போது ஏறிக்கோ" என்றார். நான் ஏறிக்கொள்ளும்வரை அதே நடையை வாசித்துக்கொண்டே இருந்தார். எத்தனை சுற்று என்று எனக்குத் தெரியாது. கூட இருந்தவர்கள் டீ குடித்துவிட்டு வந்துவிட்டார்கள்.

அவர் கோபப்பட்டு ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். திரௌபதி வேஷம் பழகிய பையனைப் பார்த்துப் பெரிய பையன் ஒருவன் சிரித்துவிட்டான். வாத்தியார் மிருதங்கத்தைக் கீழே வைத்தார். "நாளைக்கு நீ புடவ கட்டிக்கிட்டு வா" என்றார். அவ்வளவுதான். வந்தான், ஒரு வாரம் அதே வேஷம் பழகினான், பிறகு சிரிக்கவில்லை. வாத்தியாரே இளவயதில் பல வருடம் பெண்வேஷம் கட்டியவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. தனக்கு எங்கே வலித்ததோ அங்கே மற்றவனுக்கு வலிக்கக் கூடாது என்று அவர் காவலுக்கு நின்றிருக்கிறார்.

நம் நாடக வரலாற்றிலேயே இதைப் பார்க்கலாம். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் சிறுவர்களை வைத்துத் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். இப்படிப்பட்ட நாடகக் கம்பெனிப் பிள்ளைகளுக்கு வீடு, பள்ளிக்கூடம், சோறு எல்லாம் கம்பெனிதான். அங்கே ஆசிரியர் கண்டிப்பானவராக இருப்பதும் தகப்பன் மாதிரி இருப்பதும் ஒன்றாகவே கலந்திருந்தன. அங்கே நடித்த சிறுவன் டி.கே. சண்முகத்துக்காக அவர் 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதிமுடித்தார். அந்தப் பையனால் என்ன முடியும் என்று அவருக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டும்! பம்மல் சம்பந்த முதலியாரின் உலகம் வேறு. 1891இல் அவர் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினெட்டு. கூட இருந்தவர்கள் படித்த நண்பர்கள். நண்பனைப் பிரம்பால் பழக்க முடியாது. அதனால் நேர ஒழுங்கை வைத்தே ஒத்திகையை நடத்தினார்.

நம் காலத்திலும் உண்டு. சின்ன வயதிலேயே பள்ளிப் படிப்பை விட்டுவிட்டுக் கூத்துக்கு வந்தவர் பெருங்கட்டூர் ராஜகோபால். அவரும் அவர் மனைவி ஹன்னே டி புருயினும் 2002இல் காஞ்சிபுரம் அருகே தொடங்கிய கட்டைக்கூத்து குருகுலத்தில், கூத்தோடு பள்ளிப் பாடமும் சேர்ந்தே நடந்தது. ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண் பிள்ளைகளையும் சேர்த்தார்கள். தனக்குக் கிடைக்காததைத் தன் மாணவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்ற தவிப்பு ஒரு பள்ளியின் பாடத்திட்டமாகவே ஆனதாக இதை நான் பார்க்கிறேன்.

"உன்னை உடைச்சாத்தான் நடிகன் வெளியே வருவான்" என்று அவமானப்படுத்தும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அப்படிப் பழகிய பிள்ளைகள் ஆசிரியர் முகத்தைப் பார்த்துப் பார்த்து நடிப்பார்கள். எதிரே நிற்கும் பாத்திரத்தைப் பார்க்கவே மாட்டார்கள். யாருக்கு எந்த வேஷம் என்று பிரித்துக் கொடுக்கும்போதும் ஆசிரியரின் குணம் அம்பலமாகிவிடும். தனக்குப் பிடித்த பிள்ளைக்கே எப்போதும் ராஜா வேஷமா என்பதைப் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

என் குணம் எதுவென்று கேட்டால், எனக்குள் இருப்பது கல்லூரி சார்தான். ஒரு பிள்ளை தயங்கினால் என் கால் தானாக மேடைப் பக்கம் போகும். போன மாதம் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, இறந்த ஆட்டுக்குட்டியிடம் பேசும் காட்சியில் வாயே திறக்காமல் நின்றாள். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு சாய்ந்து நின்றேன். மனசுக்குள் வாத்தியாரின் மிருதங்கம் ஓடியது. ரொம்ப நேரம் கழித்து அவள் குனிந்து, இல்லாத குட்டியின் காதைத் தடவி, "எந்திரி, மழ வருது" என்றாள். அந்த வரி நாங்கள் எழுதியதில் இல்லை. அப்படியே வைத்துக்கொண்டோம்.