கைக்குழந்தைக்குச் சளியா? சிஸ்டரிடம் கேளுங்கள்

குழந்தைகள் வார்டில் 27 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். நம்ம குமரி மாவட்டத்தில் ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. தடுமனுக்கு, அதான் சளிக்கு, ஓய்வே இல்லை. கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்.

குளச்சல்: பிள்ளைக்கு 3 மாசம். மூணு நாளா தடுமன், நெஞ்சுல கறகறன்னு சத்தம். காய்ச்சல் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போணுமா சிஸ்டர்?

சத்தத்தை விடுங்க, மூச்சோட வேகத்தைப் பாருங்க. பிள்ளை அழாம இருக்கும்போது சட்டையைக் கழற்றி, முழுசா ஒரு நிமிஷம் வயிறு ஏறி இறங்குறதை எண்ணுங்க. 2 மாசத்துக்குள்ள 60, ஒரு வயசு வரை 50, அதுக்கு மேல அஞ்சு வயசு வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலே டாக்டர்கிட்ட காட்டணும். மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, முனகினாலோ, வழக்கமா குடிக்கிற பாலில் பாதிகூட குடிக்கலைன்னாலோ உடனே கிளம்புங்க. உதடு நீலமானா 108.

ஒரு ராத்திரி ஒரு தாய் துவர்த்தில் (துண்டில்) பொதிஞ்சு பிள்ளையைக் கொண்டு வந்தாள். "இப்பதான் அழுகையை நிறுத்தித் தூங்குது சிஸ்டர்" என்றாள். துவர்த்தை விலக்கினால் ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்பு எண்ணுற மாதிரி தெரியுது. எண்ணினேன், 72. அது தூக்கம் இல்லை, மூச்சு விட்டு விட்டுச் சோர்ந்த மயக்கம். ஆக்சிஜன் வைத்து, டியூப் வழியா பால் கொடுத்து, ஆறாம் நாள்தான் தாய்ப்பால் சப்பிக் குடித்தது. காய்ச்சல் அதுக்கும் இல்லை.

தக்கலை: ஆர்.எஸ்.வி.ன்னு டாக்டர் சொன்னார். புது நோயா?

இல்லை, 1956-லேயே கண்டுபிடிச்ச வைரஸ். பெரியவங்களுக்குப் பெரும்பாலும் வெறும் தடுமன். கைக்குழந்தையோட சின்ன மூச்சுக்குழாய் வீங்கிச் சளி அடைச்சா காத்து போக வழி இருக்காது. 2019-ல் மட்டும் உலகத்தில் அஞ்சு வயசுக்குள்ள ஏறத்தாழ ஒரு லட்சம் பிள்ளைகளை இது கொண்டுபோனதா கணக்கு. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவா, ஆறு மாசம் நிறையாதவை. குறைமாசத்தில் பிறந்த பிள்ளை, இருதயக் கோளாறு உள்ள பிள்ளைன்னா காத்திருக்கவே கூடாது. மூணாம் நாளிலிருந்து அஞ்சாம் நாள் வரைதான் கூடும், அப்ப கண்ணு வச்சிருங்க. இருமல் ரெண்டு மூணு வாரம் இழுக்கும், பயப்படாதீங்க.

குலசேகரம்: ஆன்டிபயாட்டிக் எழுதித் தரல. மூத்தவனுக்கு வாங்கின பாட்டில் மிச்சம் இருக்கு, கொடுக்கவா?

வேண்டவே வேண்டாம். வைரஸை அது ஒண்ணும் செய்யாது.

மார்த்தாண்டம்: குளிப்பாட்டும்போது அத்தை மூக்கில் எண்ணெய் விடுறாங்க. சொன்னா கேக்கல.

நான் சொன்னேன்னு சொல்லுங்க மக்களே. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவே வரும். மூக்கடைச்சா பால் கொடுக்கும் முன் சலைன் சொட்டு மருந்து விடுங்க. ஒரு வயசுக்குள்ள தேனும் ஆகாது.

அருமனை: மூத்தவன் எல்கேஜியிலிருந்து தடுமனோட வாறான். சின்னதை எப்படிக் காப்பாத்த?

வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவட்டும், அதுவரை சின்னதுக்கு முத்தம் வேண்டாம். அடுப்பில் கதம்பல் (உரிச்ச தேங்காய் மட்டை) எரிக்கிற நேரம் தொட்டிலை அந்தப் பக்கம் கட்டாதீங்க, புகை நெஞ்சைக் கெடுக்கும். உங்களுக்கே தடுமன் வந்தாலும் மாஸ்க் போட்டுத் தாய்ப்பால் கொடுக்கலாம். ஆறு மாசம் ஆனதும் ஃப்ளூ ஊசி பற்றி டாக்டர்கிட்ட கேளுங்க. அது அரசு இலவசப் பட்டியலில் இல்லை.