மான் தோல் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திராது

அன்புள்ள தம்பி,

இலங்கை மலைநாட்டின் ஹட்டனிலிருந்து கனடாவின் அல்பேர்ட்டாவுக்கு வந்து நான்கு மாதமாகிறது என்றும், உங்களோடு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்யும் கனேடியர் ஒருவர் நவம்பர் வேட்டையில் கிடைக்கும் மானின் தோலைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அதை அழுகாமல் மென்மையாக இருக்கும்படி வீட்டிலேயே பதனிட முடியுமா, ஊரிலிருந்து அம்மா கொடுத்துவிட்ட தேயிலைத் தூள் அதற்கு உதவுமா என்று கேட்டீர்கள். கூடவே வாடகை, வாகனக் காப்புறுதி, வேலை மாறுவது பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றைச் சென்ற ஆண்டு வந்தவர்களிடம் கேளுங்கள். நான் வந்த 1996ஆம் ஆண்டின் கணக்கு இன்று எவருக்கும் பயன்படாது. தோலைப் பற்றி மட்டும் இந்த அக்காவிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

என் முதற் குளிர்காலத்திலும் இப்படித்தான் ஒருவர் தோல் தந்தார். இரவு வேலை முடிந்து களைத்து வந்த நான், கறுப்புக் குப்பைப் பையிலிருந்த அந்தத் தோலை அப்படியே பேஸ்மென்ட்டில், வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன். மூன்றாம் நாள் பையைத் திறந்து கழுத்துப் பக்கத்தைத் தொட்டபோது மயிர் கொத்தாக விரலோடு வந்தது. அதன் அடியில் தோல் பச்சை படர்ந்து வழுவழுத்தது. நாற்றம் மேல்வீடு வரை ஏறிவிட்டது. வீட்டுக்காரர் அந்த மாத முடிவுக்குள் வெளியேறச் சொன்னார். பெட்டியையும் பாயையும் தூக்கிக்கொண்டு பனியில் வீடு தேடி அலைந்த அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. ஆகவே முதலில் வீட்டுக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அவர் மறுத்தால், தோல் தரும் நண்பரின் வாகனக் கொட்டகையில் இடம் கேளுங்கள். பேஸ்மென்ட்டில் ஒளித்துச் செய்யும் வேலை இதுவல்ல.

உரித்த கணத்திலிருந்தே நுண்ணுயிர்கள் மயிர்க்கால்களைத் தின்னத் தொடங்கிவிடும். சூடும் ஈரமும் காற்றில்லாத பையும் சேர்ந்தால் ஓரிரு நாளில் தோல் கெட்டுவிடும். கெட்ட தோலை எந்த மருந்தாலும் மீட்க முடியாது. வாங்கிய அன்றே வேலை தொடங்க இயலாவிட்டால், ஆறவிட்டுச் சுருட்டி ஃபிரீசரில் வையுங்கள். இயலுமானால், சரிவான மரக்கட்டையின் மேல் விரித்து, ஒட்டியிருக்கும் இறைச்சியையும் கொழுப்பையும் மழுங்கிய கத்தியால் தள்ளித் தள்ளி எடுங்கள். கூரான கத்தி தொடக்கக்காரரின் கையில் தோலைக் கிழித்துவிடும். பின்னர் அயடின் கலக்காத தூள் உப்பை, தோலின் எடையில் பாதியிலிருந்து சம எடை வரை, உட்புறத்தில் ஓரங்கள் விடாமல் தேய்த்து, நீர் வடியும்படி சாய்வாக வையுங்கள். மறுநாள் அந்த உப்பை உதறிவிட்டுப் புதிய உப்பிட வேண்டும். சமையலுக்கு எடுப்பது போல் கைப்பிடியளவு உப்பைத் தூவிவிட்டு ஏமாந்தவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

முதல் தோலை மயிரோடு, படிகாரத்தில் பதனிடுங்கள். உப்பிட்ட தோலை நீரில் ஊறவைத்து, இளகியதும் சவர்க்காரமிட்டு அலசி எடுத்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 450 கிராம் படிகாரத்தை 4 லீட்டர் நீரில் கரையுங்கள். வேறொரு பாத்திரத்தில் 115 கிராம் சலவைச் சோடாவையும் 225 கிராம் உப்பையும் 2 லீட்டர் நீரில் கரைத்து, அதைப் படிகார நீரில் மிக மெதுவாக, கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். அவசரப்பட்டால் நுரைத்து வழியும். தோல் முழுதும் மூழ்கும் வரை இதே அளவில் கூட்டிக்கொள்ளலாம். உலோகப் பாத்திரம் கூடாது, பிளாஸ்டிக் வாளியே நல்லது. தடிப்பைப் பொறுத்து இரண்டு முதல் ஐந்து நாள் வரை ஊறவிட்டு, அடிக்கடி கிளறிவிடுங்கள். கழுத்துப் பக்கத்தில் ஓரத்தைச் சிறிது வெட்டிப் பார்த்தால், வெட்டு முகம் நடுவரை ஒரே நிறமாக இருக்க வேண்டும். படிகாரம் நீரில் கழுவினால் போய்விடும் என்பதால், இந்தத் தோல் மழையில் அணிவதற்கு ஏற்றதல்ல, விரிப்பாக வைத்துக்கொள்ளலாம். கார் மின்கல அமிலத்தில் பதனிடும் முறையை எவராவது சொல்லித் தந்தால், தயவுசெய்து அதன் பக்கம் போகாதீர்கள்.

இன்னுமோர் எச்சரிக்கை. மானின் மூளையையே அரைத்துப் பூசிப் பதனிடுவது இந்நாட்டின் பழங்குடி மக்களுடைய மிகப் பழைய முறை. ஆனால் அல்பேர்ட்டாவின் காட்டு மான்களில் 2005ஆம் ஆண்டு முதல் குரோனிக் வேஸ்டிங் டிசீஸ் என்னும், மானை மெலியவைத்துக் கொல்லும் நோய் இருக்கிறது. மனிதருக்கு அது தொற்றியதாக உறுதிப்படவில்லை என்றாலும், அதன் காரணியான பிரியான் என்னும் கேடான புரதம் மூளையிலும் தண்டுவடத்திலும் சேர்வது. கொதிக்க வைத்தாலும் உப்பிட்டாலும் அழியாதது. நோய் பரவிய வட்டாரங்களில் வேட்டைக்காரர்கள் மானின் தலையைப் பரிசோதனைக்குக் கொடுக்கிறார்கள். அந்த முடிவு வந்ததா என்று நண்பரிடம் கேளுங்கள். மூளையைத் தொடாதீர்கள், அதன் இடத்தில் முட்டை மஞ்சட்கருவையும் எண்ணெயையும் கலந்து பூசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊறியெடுத்த பிறகுதான் உண்மையான உழைப்பு. தோல் ஈரம் குறைந்து வரும்போது அதைப் பலகை விளிம்பில் போட்டு, இரு கையாலும் இழுத்து இழுத்து, முழுதும் உலரும் வரை மணிக்கணக்காக இளக்க வேண்டும். இழுத்த இடம் வெள்ளையாக மாறினால் சரியான பதம். நடுவில் விட்டுவிட்டு உறங்கினால் காலையில் தகரம் போல் விறைத்திருக்கும். மீண்டும் நனைத்துத் தொடங்க வேண்டியதுதான்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் இந்நாட்டுப் பழங்குடியான கிரீ இனத்து மூதாட்டி ஒருவர். பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் அடைத்த காலத்தில் தம் மக்களிடம் இந்தக் கைவேலை அறுந்துபோனதை அவர் சொன்னபோது, எங்கள் தாத்தாவின் நினைவு வந்து நான் அழுதேன். மலைநாட்டு மஸ்கெலியாவின் தேயிலைத் தோட்டத்தில் தாத்தா தப்பு என்னும் தோற்பறை அடிப்பவர். தோட்டத்து மக்கள் ஆடும் காமன் கூத்துக்கும் சாவு வீட்டுக்கும் அவருடைய தப்புத்தான் போகும். ஜூலை மாதத்தில் மலையெல்லாம் பனிமூட்டம் மூடிவிட்டால் தோல் எப்படி உலரும்? லயக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டு அறையில், அடுப்புக்கு மேலே கம்பு கட்டி, அதில் தோலை விரித்துப் போடுவார். புகை நாளெல்லாம் அதில் படியும். பாட்டி வாய் ஓயாமல் ஏசுவார். அந்த மூதாட்டி மூளை பூசி இளக்கிய தோலைப் பைபோல் தைத்து, உளுத்த மரத்தின் புகையில் தொங்கவிட்டு, புகையூட்டிய தோல் நனைந்தாலும் மீண்டும் மென்மையாகும் என்று விளக்கியபோது, எங்கள் அடுப்படியின் மணம் அங்கே அப்படியே இருந்தது. தப்புக்கு வேண்டியது பதனிட்ட தோலல்ல, மயிர் நீக்கி இழுத்துக் கட்டி உலர்த்திய பச்சைத் தோல். பதனிட்ட தோலில் ஓசை எழும்பாது. உங்களுக்கும் தப்புக் கட்டும் எண்ணம் இருந்தால் படிகாரத்தை விட்டுவிடுங்கள்.

நம்மவர் சிலர் உங்களைத் தடுப்பார்கள். தோல் வேலையா, ஊரில் அதை யார் செய்வார்கள் தெரியாதா என்று என் முகத்துக்கு நேரே கேட்ட தமிழர்கள் இந்நகரில் இருக்கிறார்கள். கேட்டவர்களின் காலில் தோல் சப்பாத்து இருந்தது. எந்த ஊர் என்று கேட்டு, தேயிலைத் தோட்டம் என்றதும் குரலை மாற்றிக்கொள்கிறவர்களும் அவர்களே. ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்தும் சாதியை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக நின்ற தாத்தா, தம் தப்பைக் கீழே வைக்கவில்லை. நானும் என் வீட்டு வரவேற்பறையில் நானே பதனிட்ட இரண்டு தோல்களை எல்லோரும் பார்க்கும்படிதான் விரித்திருக்கிறேன்.

பழகிய பின் ஊருக்குப் போய் இதைச் செய்து காட்டலாம் என்று எண்ண வேண்டாம். ஹோட்டன் சமவெளியில் மேயும் மரை என்னும் பெரிய மானும், புள்ளிமானும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றின் தோல் கையிலிருந்தாலே வழக்குத்தான். இங்கும் உரிமத்தோடு வேட்டையாடியவர் தந்தது என்பதற்கு நண்பரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கி வையுங்கள்.

இனித் தேயிலை. கொழுந்து பறித்த அம்மாவின் விரல்களில் படிந்த கறை எந்தச் சவர்க்காரத்துக்கும் போகாததைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அந்தக் கறை தோலிலும் ஊறிப் பிடிக்கும் என்ற எண்ணம் உங்களுக்கு வந்ததில் வியப்பில்லை. ஆனால் மான் தோல் பெரியது, தடித்தது. அதற்கு வேண்டிய தேயிலைச் சாயத்தைக் காய்ச்சி மாளாது. மீன் தோலுக்குத் தேயிலை நன்றாகவே உதவும். நவம்பருக்கு இன்னும் நாளிருக்கிறது. சால்மன் தோல் ஒன்றை வாங்கி, சதையையும் செதிலையும் சுரண்டி, சவர்க்காரமிட்டுக் கழுவி, ஆறிய தேயிலைச் சாயத்தில் சிறிது உப்போடு போடுங்கள். முதலில் நீர்த்த சாயம், பிறகு நாளுக்கு நாள் கடுஞ்சாயம். ஓரிரு வாரத்தில் நடுவரை நிறம் ஏறியதும் எண்ணெய் பூசி, உலரும் வரை கையால் இழுத்துக்கொண்டே இருங்கள். அதற்குக் கடையில் விற்கும் மலிவான தூளே போதும். அம்மா கொடுத்துவிட்ட தூளை நீங்கள் குடியுங்கள்.