பிடுங்க நினைத்த செடிதான் அசோகு

கேள்வி: மூன்று வருடங்களுக்கு முன் நர்சரியில் அசோக மரம் என்று இரண்டு கன்றுகள் வாங்கி வைத்தேன். ஒன்று நெடுநெடுவென்று மாடி உயரம் வந்துவிட்டது. மற்றொன்று இடுப்பளவுதான். அதன் கொழுந்து வாடியது போலத் தொங்குகிறது, முற்றிய இலைகளின் நுனி கருகுகிறது. போர் தண்ணீர் சற்று உப்பு. அதைப் பிடுங்கிவிடலாமா?
– வீட்டுத் தோட்டக்காரர், மேலூர்

பதில்: பிடுங்கிவிடாதீர்கள், ஐயா. நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். உயரமாக வளர்ந்தது நெட்டிலிங்கம். பள்ளிக்கூட மதிலோரம் வரிசையாக நிற்குமே, அதுதான். அதைத்தான் பல நர்சரிகளில் அசோகா என்று விற்கிறார்கள். நெட்டிலிங்கத்தில் ஓரம் அலை அலையாக நெளிந்த தனி இலை. உங்கள் குட்டைச் செடியிலோ ஒரே காம்பில் நான்கைந்து ஜோடி சிற்றிலைகள். அசல் அசோகு அதுதான். பிண்டி என்று சங்கப் பாடல்கள் சொல்வதும் இதையே. பட்டைக்காக வெட்டி வெட்டிக் காடுகளில் அருகிவிட்ட மரம், உங்கள் வீட்டில் தானாக வந்து சேர்ந்திருக்கிறது.

கொழுந்து தொங்குவது நோயில்லை. செம்பு நிறத்தில் துவண்டு தொங்கி, பிறகு பச்சையாகி நிமிர்வது அதன் இயல்பு. அதைப் பார்த்துப் பயந்து தண்ணீரைக் கொட்டினால் வேர்தான் அழுகும்.

நுனி கருகுவதைத்தான் கவனிக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக்கரைகளில், பெரிய மரங்களின் நிழலில் வளரும் இனம் இது. மேலூர் வெயிலும் காற்றும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் தாங்காது. மேற்குப் பக்கம் நிழல்வலை கட்டுங்கள், அல்லது இரண்டு வாழை வையுங்கள். நான் வாழையைத்தான் சொல்வேன், காற்றையும் தடுக்கும். தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுற்றிலும் இரண்டு அடி அகலத்துக்குச் சருகு மூடாக்குப் போடுங்கள். மழைநீர் சேமித்திருந்தால் அதை இதற்கென்று ஒதுக்குங்கள். இல்லையென்றால் மழைக்காலத்தில் பாத்தி கட்டி நீரை நன்றாக இறங்க விடுங்கள், வேர்ப்பகுதி உப்பு கழுவிப் போகும். மட்கிய சாணம் ஆண்டுக்கு இருமுறை போதும். யூரியா வேண்டாம்.

விதைக்கன்று என்றால் பூக்க ஆறேழு ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை அழகுக்காகக் கீழ்க்கிளைகளைக் கழிக்காதீர்கள். பூங்கொத்து முதிர்ந்த கிளையிலும் அடிமரத்திலும்தான் வெடிக்கும். மாசி, பங்குனியில் ஆரஞ்சாக விரிந்து சிவப்பாக மாறும், மாலையில் நல்ல மணம். கஷாயத்துக்குப் பட்டை கேட்டு யாராவது வருவார்கள், கத்தி வைக்க விடாதீர்கள்.

இன்னொரு கன்று வேண்டுமென்றால் காய் முற்றிய உடனே விதை வாங்குங்கள். காய வைத்துப் பத்திரப்படுத்திய விதை முளைக்காது. ஓர் இரவு ஊறவைத்து, மணலும் மட்கும் கலந்த பையில் நிழலில் ஊன்றினால் ஒரு மாதத்துக்குள் முளை தெரியும்.