கூப்பிட்டவர்தான் தன்னை நிரூபிக்க வேண்டும்

கேள்வி: எனக்கு 67 வயது. கணவர் இறந்த பிறகு கும்பகோணத்தில் தனியாக இருக்கிறேன், குடும்ப பென்ஷன் வருகிறது. போன வாரம் ஒருவர் போன் செய்து, "பேங்க் ஹெட் ஆபீஸ் கேஒய்சி செக்‌ஷனிலிருந்து பேசுகிறோம்" என்றார். என் பெயர், கணவர் பெயர், கிளை எல்லாம் சரியாகச் சொன்னார். தன் ஐடி கார்டையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சாயங்காலத்துக்குள் கேஒய்சி (வாடிக்கையாளர் விவரச் சரிபார்ப்பு) முடிக்காவிட்டால் பென்ஷன் நின்றுவிடும் என்றார். வீடியோ காலில் முகத்தையும் ஆதார், பான் கார்டுகளையும் காட்டச் சொன்னார், காட்டிவிட்டேன். அப்புறம் ஒரு ஃபைல் அனுப்பி இன்ஸ்டால் செய்யச் சொன்னபோது சந்தேகம் வந்து போனை வைத்துவிட்டேன். பணம் போகவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது. சென்னையில் இருக்கும் மகனிடம் சொன்னால் திட்டுவான் என்று சொல்லவில்லை. இப்போது என்ன செய்வது?

பதில்: அம்மா, அந்த ஃபைலை இன்ஸ்டால் செய்யாமல் போனை வைத்தீர்களே, அதனால்தான் உங்கள் பணம் இன்னும் உங்களிடம் இருக்கிறது. இப்படி வருவது பெரும்பாலும் ஏபிகே என்று முடியும் ஃபைலாக, அதாவது போனில் ஆப்பை ஏற்றும் ஃபைலாக இருக்கும். அது போனில் ஏறி, அது கேட்கும் அனுமதிகளையும் கொடுத்துவிட்டால் உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ் எல்லாம் அவர்களுக்கும் போகும், நீங்கள் வாய் திறந்து ஓடிபி சொல்ல வேண்டிய அவசியமே இருக்காது. அதனால் அந்த ஃபைலை வாட்ஸ்அப்பிலிருந்தும் டவுன்லோட்ஸிலிருந்தும் அழித்துவிடுங்கள். ஒருவேளை பதற்றத்தில் 'இன்ஸ்டால்' என்பதைத் தொட்டிருப்போமோ என்று சின்ன சந்தேகம் இருந்தாலும், போனில் நெட்டை அணைத்துவிட்டு வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டு, நெட் பேங்கிங்கையும் யுபிஐயையும் நிறுத்தச் சொல்லுங்கள்.

வங்கி நம்பரை கூகுளில் தேடாதீர்கள். போலி கஸ்டமர் கேர் நம்பர்களை அங்கேயும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஏடிஎம் கார்டின் பின்பக்கம் இருக்கிற நம்பர் போதும், அதைவிட நல்லது பாஸ்புக்கோடு நேரே உங்கள் கிளைக்குப் போவது. நடந்ததை மேனேஜரிடம் சொல்லுங்கள், கேஒய்சி உண்மையிலேயே பாக்கி இருக்கிறதா என்றும் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

ஆதாரும் பானும் அவர்கள் கண்ணில் பட்டுவிட்டதே என்பது நியாயமான கவலைதான். நம்பரை மட்டும் வைத்து உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது. ஆனால் உங்கள் பெயரில் சிம் வாங்கவோ கடன் எடுக்கவோ முயற்சி செய்யலாம். ஆதார் இணையதளத்தில் கைரேகை, கருவிழிப் பதிவைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, அதைச் செய்துவிடுங்கள். பூட்டிவிட்டால் ரேஷன் கடையிலும் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் இடத்திலும் விரல் வைத்தால் ஏற்காது, அந்த நேரத்துக்கு மட்டும் திறந்துகொள்ள வேண்டும், இதைத் தெரிந்துகொண்டே செய்யுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்க்கலாம், தெரியாத நம்பர் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம். நம் பெயரில் உள்ள கடன்களைக் காட்டும் சிபில் அறிக்கை வருடத்துக்கு ஒருமுறை இலவசம். அதில் நீங்கள் வாங்காத கடன் ஏதும் ஏறியிருக்கிறதா என்று ஓரிரு மாதம் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த ஆள் உங்களை நம்ப வைத்தது எதனால்? உங்கள் பெயரும் கணவர் பெயரும் கிளையும் அவனுக்குத் தெரிந்திருந்தது. நம் விவரங்களை எத்தனை ஜெராக்ஸ் கடையில், எத்தனை விண்ணப்பத்தில் கொடுத்திருக்கிறோம்! அவை வெளியே போவதும் கைமாறுவதும் வெகு நாளாக நடக்கிறது. ஆகவே உங்களைப் பற்றித் தெரிந்திருப்பது, அவர் வங்கிக்காரர் என்பதற்குச் சாட்சி ஆகாது. ஐடி கார்டு படமும் அப்படித்தான், அரை மணி நேரத்தில் யாரும் செய்துவிடலாம். நம்மைத் தேடி வந்த போனில், நாம் யார் என்று நிரூபிக்க வேண்டிய கடமை நமக்கு இல்லவே இல்லை. கூப்பிட்டவர்தான் தன்னை நிரூபிக்க வேண்டும், போனில் அவரால் அது முடியாது. அதனால் கட் செய்துவிட்டு, நமக்கு ஏற்கெனவே தெரிந்த நம்பருக்கு நாமே கூப்பிட வேண்டும். வங்கிகளிலிருந்து 1600 என்று தொடங்கும் நம்பர்களில் அழைப்பு வருவது இப்போது வழக்கத்துக்கு வந்திருக்கிறது, அப்படி வந்தாலும் இதையே செய்யுங்கள். உண்மையான அதிகாரி இதற்குக் கோபப்பட மாட்டார். கட் செய்யாதீர்கள், லைனிலேயே இருங்கள் என்று சொன்னால் அதுவே போதுமான பதில்.

வீடியோவில் முகம் பார்ப்பது உண்மையான வங்கிகளும் செய்வதுதானே என்று யாராவது கேட்கலாம். ஆமாம், 2020 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கி அதை அனுமதிக்கிறது, ஆனால் அது வங்கியின் சொந்த ஆப்பிலோ இணையதளத்திலோதான் நடக்க வேண்டும், வாட்ஸ்அப்பில் இல்லை. கேஒய்சி புதுப்பிப்பதும் அவர்கள் சொல்வதுபோல் ஒரே நாளில் வெடிக்கிற விஷயம் இல்லை. ரிஸ்க் குறைவு என்று வகைப்படுத்திய வாடிக்கையாளருக்கு 10 வருடத்துக்கு ஒருமுறைதான், விவரங்களில் மாற்றம் இல்லை என்றால் ஒரு உறுதிமொழி கொடுத்தாலே போதும். கெடுவுக்கு முன்னால் வங்கி பலமுறை தெரிவிக்க வேண்டும், அதில் ஒன்றாவது கடிதமாக வர வேண்டும் என்று 2025-ல் விதியும் போட்டிருக்கிறார்கள். சாயங்காலத்துக்குள் என்ற பேச்சே பொய்.

பணம் போகாததால் உங்களைக் கூப்பிட்ட நம்பரை சஞ்சார் சாத்தியில் 'சக்ஷு' என்ற பகுதியில் புகாராகப் பதியுங்கள். பணம் போனால் மட்டும் ஒரு நிமிடமும் யோசிக்காமல் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிட வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும். 2017-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி, ஓடிபியை நாமே கொடுத்துப் போன பணத்துக்கு நாம்தான் பொறுப்பு, ஆனால் வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு போகும் பணத்துக்கு வங்கி பொறுப்பு. வெட்கப்பட்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பவர்கள் அந்த இரண்டு நாளில்தான் மிச்சத்தையும் இழக்கிறார்கள்.

அதனால்தான் மகனிடம் இன்றே சொல்லுங்கள் என்கிறேன். திட்டினால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். தம்பி, நீ இதைப் படித்தால், அம்மாவிடமிருந்து போனைப் பிடுங்காதே. அடுத்த முறை அவர் உன்னிடம் சொல்லாமலேயே சமாளிக்கப் பார்ப்பார், மோசடிக்காரனுக்கு வேண்டியதும் அதுதான். நான் மேலே சொன்ன ஆதார் பூட்டு, சிம் சரிபார்ப்பு எல்லாவற்றையும் வருகிற சனி ஞாயிறில் ஊருக்கு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொடு.

அம்மா, அவர்கள் திரும்பவும் கூப்பிட வாய்ப்பு இருக்கிறது, இந்த முறை போலீஸ், சிபிஐ, சுங்கத்துறை என்ற பெயரில். உங்கள் ஆதாரில் போதைப்பொருள் பார்சல் வந்திருக்கிறது, உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம், கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது என்பார்கள். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் கிடையாது, 2024 அக்டோபரில் பிரதமரே வானொலியில் அதைச் சொல்லி எச்சரித்தார். காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாலும், பின்னால் காவல் நிலையம் மாதிரி தெரிந்தாலும், கட் செய்துவிட்டு மகனைக் கூப்பிடுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.