2032-இல் விண்கல் விழும் என்று தோப்பை விற்காதீர்கள்

கேள்வி: ஐயா, 2032 டிசம்பரில் ஒரு விண்கல் பூமியில் மோதும், அதன் பாதையில் இந்தியாவும் இருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ வந்தது. குடியாத்தம் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு இருக்கிறது. "விலை விழுவதற்குள் தள்ளிவிடுங்கள்" என்கிறார் ஒரு புரோக்கர். கிணறு தூர் வாரும்போது கிடைத்த கருப்புக் கல் ஒன்றையும் பார்த்துவிட்டு, "இது விண்கல், கோடிக்குப் போகும், டெஸ்ட்டுக்கு நாற்பதாயிரம் மட்டும் கட்டுங்கள்" என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தோப்பை விற்க வேண்டாம். நாற்பதாயிரம் கட்டவும் வேண்டாம்.

வீடியோவில் வரும் கல்லின் பெயர் 2024 ஒய்ஆர்4. சுமார் 60 மீட்டர் அளவு. 2024 டிசம்பர் 27 அன்று சிலியில் உள்ள அட்லஸ் தொலைநோக்கி அதைக் கண்டுபிடித்தது. 2032 டிசம்பர் 22 அன்று அது பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பிப்ரவரி 18-இல் 3.1 சதவீதம் வரை ஏறியது. மோதினால் எங்கெங்கே விழலாம் என்று போட்ட கோடு அரபிக்கடல் வழியாக நம் நாட்டையும் தொட்டது. அதுவரை வீடியோ சொல்வது சரி. ஆனால் அதற்கடுத்த ஒரு வாரத்துக்குள் அந்த வாய்ப்பு பூஜ்ஜியத்தை ஒட்டி இறங்கிவிட்டது. அதை எந்த வீடியோவும் சொல்லவில்லை. 2032-இல் அது நம்மேல் மோதாது.

ஏறிய சதவீதம் ஏன் திடீரென்று இறங்க வேண்டும் என்று கேட்பீர்கள். வீட்டில் சாவி தொலைந்தால் கூடத்தில் இல்லை, அடுப்படியில் இல்லை என்று கழித்துக்கொண்டே வருவோம். கழிக்கக் கழிக்க, பீரோவில் இருக்கும் வாய்ப்பு ஏறும். பீரோவைத் திறந்து பார்த்து அங்கேயும் இல்லை என்றால் அந்த வாய்ப்பு அப்படியே விழுந்துவிடும். புதிதாகக் கண்டுபிடித்த கல்லின் பாதையும் இப்படித்தான் தெளிவாகிறது. அடுத்த வீடியோ அப்போபிஸ் என்ற இன்னொரு விண்கல்லைப் பற்றி வரும். 2029 ஏப்ரல் 13 அன்று அது சுமார் 32,000 கிலோமீட்டர் தூரத்தில் நம்மைக் கடந்து போகும். அடுத்த நூறு வருடத்துக்கு அதனால் ஆபத்தில்லை என்று 2021-இலேயே கணக்கிட்டுவிட்டார்கள்.

பெரிய கல் வருவது முன்கூட்டியே தெரிந்தால் தள்ளிவிடவும் வழி உண்டு. 2022 செப்டம்பர் 26 அன்று நாசாவின் டார்ட் விண்கலம் தன்னைவிடப் பெரிய சிறுகோள் ஒன்றைச் சுற்றிவரும் டைமார்ஃபஸ் என்ற சிறுகோளில் மோதி, அது ஒரு சுற்று சுற்ற எடுக்கும் நேரத்தை அரை மணி நேரத்துக்கு மேல் குறைத்தது.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்லவேண்டும். 20 மீட்டர் அளவுள்ள கல், சூரியன் இருக்கும் பக்கத்திலிருந்து வந்தால் முன்னால் தெரியாது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் அப்படி ஒன்று வந்தது. தரையைத் தொடுவதற்கு முன்பே, சுமார் 30 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. சுமார் 1,500 பேர் காயப்பட்டார்கள். பெரும்பாலானவர்களைக் கிழித்தது ஜன்னல் கண்ணாடி. முதலில் வெளிச்சம் வந்தது. என்ன அது என்று ஜன்னலருகே போய்ப் பார்த்தார்கள். ஒன்றிரண்டு நிமிடம் கழித்து அதிர்வலை வந்து கண்ணாடியை உடைத்தது. ஆகவே, பகலில் வானம் சூரியனைவிடப் பளிச்சென்று மின்னினால் ஜன்னலுக்கு ஓடாதீர்கள். கண்ணாடி இல்லாத மூலையில் குனிந்து உட்காருங்கள். சத்தம் வந்து அடங்கும்வரை எழ வேண்டாம். இதை உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். பள்ளியில் சொல்லித்தரமாட்டார்கள்.

இனி அந்த புரோக்கர். காந்தம் ஒட்டுகிறது, கனமாக இருக்கிறது என்பதுதான் அவர் காட்டும் சாட்சியாக இருக்கும். திருவண்ணாமலை கவுத்திமலையிலேயே காந்த இரும்புத் தாது கிடக்கிறது, அதிலும் ஒட்டும். இரும்பு உருக்கிய பழைய உலைக் கசடிலும் ஒட்டும். கல் துளைத்துளையாக இருந்தால் அநேகமாகக் கசடுதான். இன்று டெஸ்ட்டுக்குப் பணம் கேட்பவர், நாளை "வெளிநாட்டுப் பார்ட்டி வருகிறார், பாதுகாப்புப் பெட்டி வாங்க வேண்டும்" என்பார். அடுத்து இரிடியம் கலசம், அரிசியை இழுக்கும் என்பார். இரிடியம் அரிசியை இழுக்காது. இந்தக் கதையை நம்பி நகையை அடகு வைத்த குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. கல்லை அவர் கையில் ஒரு நாளும் கொடுக்காதீர்கள். உடைத்துப் பார்க்கவும் விடாதீர்கள்.

இவர்களுக்கு இடம் கொடுப்பது நம் நிர்வாகம்தான். 2016 பிப்ரவரியில், அப்போது வேலூர் மாவட்டத்தில் இருந்த நாட்றம்பள்ளி அருகே ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு நடந்து ஓர் ஓட்டுநர் இறந்தார். ஆய்வு முடிவதற்கு முன்பே விண்கல் என்று அரசு அறிவித்தது. படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள், தரையில் நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள். முதல் அறிவிப்புதான் இன்றும் ஊரில் நிற்கிறது. ஜவ்வாது மலையின் காவலூர் வான் ஆய்வகத்தில் இருந்துதான் 1988-இல் வானியலாளர் ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதற்குக் கணிதமேதை ராமானுஜன் பெயர் வைத்தார்கள். அத்தகைய இடத்தை வைத்துக்கொண்டு, ஆபத்து நீங்கியது என்று தமிழில் ஒரு வரி அறிவிப்பு வெளியிட ஆளில்லை. கல் கிடைத்தால் யாரிடம் கொடுப்பது என்று தாலுகா அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள், ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

விண்கற்களைச் சேகரித்து ஆராயும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையுடையது. சென்னையில் அதன் அலுவலகம் இருக்கிறது. கல்லைக் கழுவாமல், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து நாலு பக்கமும் படம் எடுங்கள். எடையையும், கிடைத்த ஆழத்தையும் எழுதி அந்த அலுவலகத்துக்கு நீங்களே நேரடியாக அனுப்புங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.