அடைத்த பிறகும் இருமலில் ரத்தம் ஏன்?

கேள்வி: என் கணவருக்கு வயது 46. டி.பி. மருந்து நான்காவது மாதமாகச் சாப்பிடுகிறார். இருமலில் ரத்தம் வந்ததால் தொடை வழியாகக் குழாய் விட்டு ரத்தக்குழாயை அடைத்தார்கள். பத்தே நாளில் மறுபடி ரத்தம். வலது மேல்பகுதி நுரையீரல் தமனியில் 9 மி.மீ. வீக்கம் என்று சி.டி.யில் வந்திருக்கிறது. இன்னொரு முறை அடைக்க வேண்டுமாம். முதலில் செய்தது வீணா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வீணில்லை அம்மா. நுரையீரலுக்கு ரத்தம் இரண்டு வழியில் போகிறது. ஒன்று, மகாதமனியிலிருந்து பிரியும் மூச்சுக்குழல் தமனி. மற்றது, இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து வரும் நுரையீரல் தமனி. இருமலில் நிறைய ரத்தம் வருபவர்களில் பெரும்பாலோருக்கு அது அழுத்தம் அதிகமுள்ள முதல் வழியிலிருந்துதான் கசியும். அதை முதலில் அடைத்தது முறைதான்.

ஆனால் டி.பி. குடைந்த குழியை ஒட்டி ஓடும் நுரையீரல் தமனிக் கிளையின் சுவரும் அரிக்கப்பட்டு, அந்த இடம் மொச்சைக்கொட்டைபோல் உப்பிவிடும். டென்மார்க் மருத்துவர் ராஸ்முசன் 1868-ல் விவரித்ததால் இதற்கு அவர் பெயர். அடைத்த சில நாளிலேயே ரத்தம் திரும்பினால் இதைத்தான் தேட வேண்டும். ரத்தக்குழாயைக் காட்டும் சாய மருந்து ஏற்றாத சி.டி.யில் இது வெறும் கட்டிபோல் தெரியும்; அதை நம்பி ஊசி போட்டுச் சதை எடுத்தால் ரத்தம் பீறிடும். அதனால் இரண்டு தமனிகளிலும் மருந்து நிறையும்படி எடுத்த சி.டி. ஆஞ்சியோ தேவை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்பதை முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.

இம்முறை குழாய் தொடையின் சிரை வழியாக, இதயத்தின் வலப்பக்கம் கடந்து போகும். வீங்கிய பையின் சுவர் மெல்லிசு; அதற்குள் காயிலை (ரத்தக்குழாயை அடைக்கும் மெல்லிய கம்பிச்சுருளை) திணித்தால் கிழியலாம். ஆகவே முடிந்தவரை பைக்கு முன்னும் பின்னும் ரத்தக்குழாயையே காயிலால் அடைப்பார்கள். முன்பக்கம் மட்டும் அடைத்தால் பின்பக்கத்திலிருந்து ரத்தம் திரும்பி வந்து பையை நிரப்பக்கூடும். பிறகு இரண்டு மூன்று நாள் நெஞ்சுவலியும் லேசான காய்ச்சலும் இருக்கலாம். டி.பி. மாத்திரையை ஒரு நாளும் விடக்கூடாது; சுவரை அரிப்பது அந்தக் கிருமிதான்.

அதுவரை ரத்தம் அதிகமாக வந்தால் 108-ஐ அழையுங்கள். அவரை வலப்பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்; நல்ல இடது நுரையீரலுக்குள் ரத்தம் இறங்கக்கூடாது. இதில் உயிர் போவது பெரும்பாலும் ரத்தம் குறைந்து அல்ல, மூச்சு அடைத்து. பெரியவர்களின் மூச்சுக்குழாய்கள் கொள்வது சுமார் 150 மி.லி., ஒரு காபி டம்ளர் அளவுதான். மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், குடிக்க எதுவும் தராதீர்கள். வந்த ரத்தத்தை ஒரு பாத்திரத்தில் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: தம்பிக்கு வயது 28. அடிக்கடி வாய்ப்புண், காலில் ரத்தக்கட்டு. இப்போது இரண்டு பக்க நுரையீரல் தமனியிலும் வீக்கம். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தொடரலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: இன்றே மருத்துவரிடம் கேளுங்கள். இது ரத்தக்குழாய்களில் அழற்சி உண்டாக்கும் பெசெட் நோயாக இருக்கலாம். அதில் அந்த மாத்திரையால் வீக்கம் வெடித்து உயிர்போகும் அளவு ரத்தம் கொட்டலாம். ஸ்டீராய்டும் சைக்ளோபாஸ்பமைடும் கொடுத்து அழற்சியை அடக்குவதுதான் முதல் சிகிச்சை. மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். பிறப்புறுப்பில் புண், கண் சிவப்பு இருந்தால் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்.