பாய்டா, ரியேலா? இருவரையும் எழுதலாம்

வணக்கம். கனடாவின் மானிட்டோபா மாகாணத்தின் முதல் முதல்வர் என்று ஒரு நூலில் ஆல்ஃபிரெட் பாய்டும் இன்னொன்றில் லூயி ரியேலும் இருக்கிறார்கள், மகளின் பள்ளிக் கட்டுரையில் யாரைச் சேர்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். இருவரையும் எழுதச் சொல்லுங்கள். பதவி வகித்தவர் பாய்ட். 1870இல் அந்த மாகாணம் பிறக்கவே காரணமான, பழங்குடியினரும் ஐரோப்பியரும் கலந்த வழிவந்த மேட்டி மக்களின் தலைவர் ரியேல். 2023இல்தான் அவரைக் கௌரவ முதல் முதல்வராக அறிவிக்கும் சட்டம் நிறைவேறியது.

கட்டுரையில் ரியேலுக்கே அதிக இடம் கொடுங்கள். மூன்று முறை கனடா நாடாளுமன்றத்துக்குத் தேர்வாகியும் ஒருநாள்கூட அவையில் அமர முடியாதவர் அவர். ஒன்டாரியோ மாகாண அரசு 5,000 டாலர் வெகுமதி அறிவித்துத் தேடிய மனிதர், 1874இல் தலைநகர் ஒட்டாவாவுக்கே போய் நாடாளுமன்ற உறுப்பினர் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுத் தலைமறைவானார். எத்தனை துணிச்சல்! 1885இல் மேட்டி மக்கள் கனடா அரசை எதிர்த்து நடத்திய எழுச்சிக்குப் பிறகு ரெஜைனாவில் அவரைத் தூக்கிலிட்டார்கள். துரோகி என்று மட்டும் சொல்லி முடிக்கும் பழைய நூல்களை நம்பிவிட வேண்டாம்.